செங்கடவில் துணி வீசியவள்

உலகம்மைக்குக் கடல் ஆகாது. தாழக்குடியில் நாலு பக்கமும் வயலும் குளமுமாக வளர்ந்தவள். சுசீந்திரம் தேருக்குப் போனால்கூட, அப்படியே கன்னியாகுமரிக்கும் ஒரு நடை போய் வரலாமே என்று எவராவது வாயைத் திறந்துவிடுவார்களோ என்று பயந்து, தலைவலி என்று முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு வண்டியிலேயே படுத்துவிடுவாள். குற்றம் அவளுடையதல்ல. அவள் தம்பி ஈஸ்வரமூர்த்தியின் ஜாதகத்தைக் கணித்த ஜோசியர், “முப்பது வயசு வரைக்கும் பயலுக்குத் தண்ணியில கண்டம்” என்று சொல்லிவிட்டு, தட்சிணையை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார். சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு என்ன, காவல் காக்கிறவளுக்கல்லவா தெரியும்!

தம்பி தவழ்கிற வயதில் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து உலகம்மைதான் அவனுக்கு எல்லாம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குளத்தில் குதித்துக் கும்மாளம் போட, அவனுக்கு மட்டும் கிணற்றடியில் செம்பில் மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டுவாள். கூட்டாளிகள் அவனுக்குச் ‘செம்புக்குளி’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்து தப்பிக்கத்தானோ என்னவோ, மீசை முளைத்ததும் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். சண்டைக் காலம். கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். அந்த வருஷங்களில் உலகம்மை விடலைத் தேங்காய் உடைக்காத பிள்ளையார் நாஞ்சில் நாட்டில் இல்லை.

பையன் முழுசாகத் திரும்பி வந்தான். ஆனால் வரும்போது கூடவே ஒரு தீவையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மத்தியதரைக் கடலிலே இருக்கிறதாம், சைப்ரஸ் என்று பேராம். அங்கே மலையைப் பிளந்த மாதிரி ஒரு இடுக்கு. இரண்டு பக்கமும் கல்சுவர். ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் நடக்க முடியுமாம். நடந்து முடித்தால் மனுஷ வாடையே இல்லாத ஒரு கடற்கரை. இதைச் சொல்ல ஆரம்பித்தால் கையில் உருட்டிய சோறு அப்படியே நிற்கும். கண் எங்கேயோ போய்விடும்.

“அந்தத் தீவுல எவளாவது இருக்காளாலே? இருந்தாச் சொல்லித் தொலை” என்று கேட்டுப் பார்த்தாள் உலகம்மை.

“போக்கா! கரையிண்ணு சொன்னா உனக்குப் புரியாது.”

அது சித்திரை மாதம். இராஜாக்கமங்கலம் சந்தையில் எவனோ அவனிடம், அந்தத் தீவுக்கெல்லாம் போவானேன், நம்ம கடலிலேயே அதே மாதிரி ஒரு இடம் உண்டு, முட்டம் போகிற வழியில் செங்கடவு என்று பேர், செம்மண் மேட்டை மழைவெள்ளம் அறுத்து உண்டாக்கின இடுக்கு, போனால் நேரே கடலில் கொண்டுவிடும் என்று சொல்லிவிட்டான். நல்லா இருப்பானா அவன்! அன்று முதல் இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“நானும் வாரேன்” என்றாள் உலகம்மை.

அவள் புருஷன் வள்ளிநாயகம் வைக்கோல் படப்பு வேய்ந்துகொண்டிருந்தவர், ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். “கடலப் பாத்தாக் காய்ச்சல் வாரவ நீ. நீ எதுக்கு?”

“அவனத் தனியா விட்டா இறங்கிருவான்.”

அவர் மறுபடி படப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி விஷயத்தில் பேசி ஜெயித்த அனுபவம் அவருக்கு இல்லை.

வண்டிக்காரன் ஞானையன் அவர்களைப் பனங்காட்டு ஓரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். “இதுக்கு மேல மணலு அம்மா, மாடு இழுக்காது. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கினயே கிடக்கேன்” என்று மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிக்கடியில் துண்டை விரித்தான்.

செங்கடவுக்குள் இறங்கியதும் உலகம்மை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஐந்தாறு மடங்கு செம்மண் சுவர். மேலே நின்ற பனைகளின் வேர் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே தொங்கியது. கை பட்ட இடமெல்லாம் பொடிந்து உதிர்ந்தது. எங்கோ பின்னால் ஒரு கட்டி ‘பொத்’தென்று விழ, அவள் “முருகா” என்று நின்றுவிட்டாள். பயந்தவள் வழி பார்ப்பாள் அல்லவா, பாதி தூரத்தில் இடப்பக்கமாக ஆடு ஏறி இறங்கின தடம் ஒன்று மேட்டுக்குப் போவதைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டாள். ஈஸ்வரமூர்த்திக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது! சீட்டியடித்துக்கொண்டு முன்னால் போனான்.

“அக்கா, அப்படியே அதே மாதிரி! அங்க கல்லு, இங்க மண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்!”

“சரி, பாத்தாச்சுல்லா. திரும்புவோமா?”

“இனிதானக்கா இருக்கு.”

இடுக்கு முடிந்த இடத்தில் கரை. சும்மா சொல்லக்கூடாது, அழகான இடம்தான். முறம் அளவு வெள்ளை மணல், இரண்டு பக்கமும் கறுத்த பாறை, தூரத்தில் முட்டத்துக் கலங்கரை விளக்கம். கடல் கிண்ணத்தில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. காற்றில்லை, மேகமில்லை. இவ்வளவு சாதுவாகக் கிடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஆனாலும் சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொதியைப் பிரித்தாள்.

ஈஸ்வரமூர்த்தி சட்டையைக் கழற்றி மணலில் போட்டான். துண்டை அவள் மடியில் எறிந்தான்.

“ஏலே, என்ன செய்யுத?”

“காலு நனைக்கேன்.”

கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. அவள் “மதி, போதும்” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து ஓடுவதற்குள் இடுப்பு வரைக்கும் போய்விட்டான். அப்புறம் அவள் கண்ணெதிரேயே முன்னால் சாய்ந்து தண்ணீரின் மேல் படுத்துவிட்டான். அவளுக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால், பயல் நீந்துகிறான்! கையை மாற்றி மாற்றிப் போட்டு, பிறந்ததிலிருந்து அதுதான் தொழில் என்கிற மாதிரி.

“எங்கலே படிச்ச?”

“அங்கதான்க்கா! அந்தக் கரையிலதான்!” என்று தண்ணீரிலிருந்து சிரித்தான்.

ஓகோ, இதுவா சங்கதி. அந்தத் தீவில் எவளும் இல்லை. செம்புக்குளி அங்கேதான் செம்பைத் தூக்கிப் போட்டிருக்கிறான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே கிடையாது. ஒரு நிமிஷம் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம், “போதும், கரையில கேறி வா!” என்று கத்த ஆரம்பித்தாள். அவன் கை காட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் வெளியே போனான்.

கடல் இரையவில்லை. அலை எழும்பி வரவுமில்லை. சுவரோரம் இருந்த சோற்றுப் பொதியின் அடியில் தண்ணீர் வந்து தொட்டது. இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று அவள் யோசிக்கும்போதே அடுத்த தண்ணீர் முழங்காலில் அடித்தது. பொதியும் சட்டையும் மிதந்து போயின. மூன்றாவது வந்தது இடுப்புக்கு. விழுந்தெழுந்து இடுக்குக்குள் ஓடினாள். தண்ணீர் பின்னாலேயே உள்ளே நுழைந்து வந்தது. செம்மண் கட்டிகள் இரண்டு பக்கமும் சரிந்து விழுந்தன. அந்த ஆட்டுத் தடத்தைக் கையாலும் காலாலும் பிடித்து ஏறினாள். ஏறும்போதெல்லாம் “ஈஸ்வரா, ஈஸ்வரா” என்றுதான் வாயில் வந்தது. சாமியைக் கூப்பிட்டாளா தம்பியைக் கூப்பிட்டாளா, அவளுக்கே தெரியாது.

மேட்டில் நின்று பார்த்தாள். கீழே கரை என்று ஒன்று இல்லை. அங்கே இருந்ததெல்லாம் நுரை. தண்ணீர் பாறையில் மோதி ஆளுயரம் தெறித்தது. அதற்கும் அப்பால் ஒரு கறுப்புத் தலை. அவன்தான். கரையைப் பார்த்து நீந்துகிறான். நீந்தி நீந்தி அதே இடத்தில் இருக்கிறான். இல்லை, அதே இடத்தில்கூட இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக மேற்குப் பாறைப் பக்கம் போகிறான். சிரிப்பெல்லாம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் இன்னும் வெளியே ஒரு கட்டுமரம் அவள் கண்ணில் பட்டது. இரண்டு பேர் துடுப்புப் போட்டுக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தம்பியைப் பார்த்தால் போதும். ஆனால் இடையில் மேடும் பள்ளமுமாகத் தண்ணீர்; அவர்களுக்கு ஒரு தலை எப்படித் தெரியும்? கத்தினாள். கடல் இரைச்சலில் அவள் சத்தம் அவள் காதுக்கே எட்டவில்லை.

தோளில் தம்பியின் துண்டு கிடந்தது. உருவினாள். தலைக்கு மேலே சுழற்றி வீசினாள். வயலில் அப்படித்தான். கஞ்சி வந்துவிட்டால் வரப்பில் ஏறி நின்று துண்டை வீச வேண்டும். எந்தக் கோடியில் நிற்கிற ஆளும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து சேருவான். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை அப்படி வீசிப் பழகியது.

கட்டுமரத்தில் ஒருவன் எழுந்து நின்றான். பார்த்துவிட்டான்! உலகம்மைக்கு அழுகையே வந்துவிட்டது. ‘அந்தா, அந்தா’ என்று இன்னும் வேகமாக வீசினாள். துடுப்பு நின்றது. மரத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது. கரைக்கு அல்ல, வெளியே.

“ஐயோ, இஞ்ச வாங்க! பாவியளா, இஞ்ச!”

வீசினாள். அவர்கள் விலகினார்கள். தெரியவில்லையோ என்று விளிம்புக்கே போய் நின்று வீசினாள். அவர்கள் இன்னும் விலகினார்கள். இப்படியும் ஒரு கொடுமை உண்டா? ஒருத்தி உயிர் போகக் கூப்பிடுகிறாள், கண்ணால் பார்த்துவிட்டு, நிதானமாகத் துடுப்புப் போட்டு, மனுஷன் அந்தப் பக்கம் போகிறான்.

பனங்காட்டுக்குள்ளிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, கையில் சுருட்டிய வெள்ளைத் துணி. கரையோரக் குடியில் இருக்கிறவள், லீமா என்று பேர். வந்தவள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள்.

“நல்ல காரியம் செஞ்சீங்க அம்மா. நான் வாரதுக்குள்ள நீங்க வீசிட்டீங்க. கள்ளக்கடலு ஏறிட்டு. காத்தும் இல்லாம மழைக்கோளும் இல்லாம இப்பிடித்தான் திருட்டுத்தனமா ஏறும். அந்த மரத்துல எங்க வீட்டுக்காரரு கிளீட்டஸு, தெரியாம உள்ள வந்திருவாரோண்ணு ஓடி வந்தேன்.”

உலகம்மைக்கு இதில் பாதிதான் காதில் ஏறியது. “அந்த மரத்துக்காரனைக் கூப்பிடு பிள்ளே! எனக்க தம்பி... அந்தா பாரு, அந்தா!”

லீமா பார்த்தாள். நுரைக்கு அப்பால் அந்தத் தலை ஒருமுறை மறைந்து மறுபடி வந்தது. அவள் முகத்தில் இருந்த நிம்மதி அப்படியே வடிந்துபோயிற்று. கையிலிருந்த துணியைப் பார்த்தாள், வெளியே போகிற கட்டுமரத்தைப் பார்த்தாள். தன் துணியைத் தரையில் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டாள்.

“துணியத் தாழ இடுங்க அம்மா.”

“என்ன?”

“வீசாதீங்க! வீசினா வரமாட்டாங்க. மேட்டுல துணி வீசினா எங்களுக்கு ‘கடலு கெட்டுப் போச்சு, உள்ள வராதே’ண்ணு அர்த்தம். நீங்கதான் அவங்கள வெரட்டுதீங்க!”

சொன்னால் உடனே நம்பிவிட முடியுமா? துண்டு வீசினால் வருவார்கள் என்பது உலகம்மை பிறந்த ஊரில் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. இவள் யாரோ, எந்த ஊரோ. லீமா துண்டைப் பிடித்து இழுத்தாள். உலகம்மை விடவில்லை. இரண்டு பேரும் விளிம்பில் நின்று ஒரு துண்டுக்காக மல்லுக்கட்டினார்கள். கீழே செம்மண் உதிர்ந்தது.

“உனக்க மாப்பிளைக்கு ஆபத்துண்ணு எனக்க தம்பியச் சாகக் குடுக்கியாட்டி?” என்று அலறினாள் உலகம்மை.

லீமா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து முகத்துக்கு நேரே வந்தாள். அம்மா, நீங்க என்பதெல்லாம் போய்விட்டது.

“ஏட்டி, யோசிச்சுப் பாரு! எனக்க மாப்பிள பொழைக்கணும்ணா, நீ வீசுத வரைக்கும் நான் பாத்துக்கிட்டு நின்னாப் போதும். உனக்க கையப் பிடிக்க வேண்டிய காரியம் எனக்கு என்ன?”

உலகம்மையின் கை தானாகத் தளர்ந்தது. துண்டு விழுந்தது. இந்தப் பெண் யாரை எங்கே கூப்பிடப் போகிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இனி கைய அசைக்கக் கூடாது. சும்மா நிக்கணும். நாம நிக்க இடத்துக்கு நேராத்தான் மரம் வரும். தம்பிக்கு நேரா வாங்க.”

லீமா இரண்டு துணியையும் சுருட்டி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் மேற்கே ஓடி, அந்தத் தலைக்கு நேரே மேட்டில், துணியைக் காலடியில் போட்டுவிட்டு நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். சும்மா நிற்பது என்ன பெரிய வேலையா என்று கேட்பவர்கள் அந்த மேட்டில் நின்று பார்க்க வேண்டும். தம்பி கீழே ஒவ்வொரு தண்ணீருக்கும் மூழ்கி மூழ்கி வருகிறான். உலகம்மையின் கை தன்பாட்டில் மேலே போகப் பார்த்தது. இரண்டையும் கக்கத்தில் சொருகி இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் லீமாவின் உதடு ஓயாமல் அசைந்தது. “மாதாவே, மாதாவே” என்பது மட்டும் கேட்டது.

வெளியே மரம் தயங்கி நின்றது. துணி வீசின ஆளை இப்போது காணோமே என்று கிளீட்டஸ் எழுந்து பார்ப்பது தெரிந்தது. பெண்டாட்டி கைவீசாமல் நிற்பதைப் பார்த்திருப்பான். மூக்கு திரும்பியது. இந்த முறை கரைக்கு.

“வாராரு” என்றாள் லீமா. அந்தக் குரலில் சந்தோஷம் ஒரு துளி இல்லை.

மரம் உள்ளே வர வர அதன் பின்னால் கடல் உயர்ந்தது. கிளீட்டஸ் அந்தத் தலையைப் பார்த்துவிட்டான். துடுப்பால் அந்தப் பக்கம் காட்டினான். பின்னால் இருந்தவன் மரத்தைத் திருப்பினான். ஈஸ்வரமூர்த்தியின் கை மரத்தைத் தொட்டது. தொட்டதா தொடவில்லையா என்று தெரியுமுன் பின்னால் உயர்ந்த தண்ணீர் அப்படியே சரிந்து மூடியது. மரம் தலைகீழாகப் புரண்டது.

நுரை விலகியபோது மரத்தைப் பிடித்தபடி இரண்டு தலைதான் இருந்தன.

மூன்று இருக்க வேண்டும். இங்கிருந்து பார்த்தால் எந்தத் தலை யாருடையது என்று எப்படித் தெரியும்? லீமா “யாரு, யாரு” என்றாள். உலகம்மைக்கு வாயில் ஒன்றும் வரவில்லை, ஆனால் மனதில் வந்தது. இல்லாமல் போனவன் என் தம்பியாக இருக்கக் கூடாது, யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று வந்தது. யாராக வேண்டுமானாலும் என்றால் யார்? தோளை ஒட்டி நிற்கிறவளின் புருஷன்தானே? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வந்ததைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. லீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். லீமாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள், நினைத்தால் குற்றமுமில்லை.

மரத்துக்கு இந்தப் பக்கமாக ஒரு கை நீண்டது. அப்புறம் தலை. மூன்றாவது ஆள் மரத்தின் நுனியைப் பிடித்துத் தொற்றினான். மற்ற இரண்டு பேரும் அவனை இழுத்து மேலே போட்டார்கள். இருமி இருமித் தண்ணீர் கக்கினான். சிவந்த முதுகு. கடலில் கறுக்காத, சட்டை போட்டு வளர்ந்த முதுகு.

“தம்பி!” உலகம்மை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லீமா சிலுவையை எடுத்து முத்தமிட்டாள்.

அழுது முடிக்க நேரமில்லை. லீமா அவளைத் தோளில் பிடித்து உலுக்கினாள்.

“எந்திரிங்க அக்கா. இப்ப வீசணும்.”

“என்னது?”

“நாம சும்மா நிக்கதப் பாத்து நேரா வாராங்க பாருங்க. இஞ்ச வந்தா மரம் பாறையில தெறிச்சிரும். குளச்சலுக்குப் போவட்டும், அங்க அலையில்லாத ஒதுக்கு உண்டு. சாயங்காலத்துக்குள்ள கரை கேறிரலாம்.”

உலகம்மை பார்த்தாள். மரம் கரையை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. நடுவில் குப்புறக் கிடந்த ஈஸ்வரமூர்த்தி தலையைத் தூக்கினான். அக்காவைப் பார்த்துவிட்டான். ஒரு கையை நீட்டினான், சின்னப் பிள்ளையில் கிணற்றடியில் கண்ணில் சீயக்காய் விழுந்தால் நீட்டுவானே, அந்த மாதிரி. இவ்வளவு கிட்டே. இன்னும் கொஞ்சம் வந்தால் முகம் தெரியும். இந்தக் கடலில், ஒரு மரத்துண்டில், இரண்டு அன்னிய ஆளுகளோடு, முட்டம் தாண்டிக் குளச்சல் வரைக்கும் அவனை அனுப்ப வேண்டும். அதுவும் அவள் கையால்.

“அவன மட்டும் இங்க இறக்கிட்டுப் போவ முடியாதா?” என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

லீமா தன் துணியை எடுத்து வீச ஆரம்பித்தாள். ஒரு துணி கண்டு மரம் திரும்பவில்லை. ஒருத்தி வீச ஒருத்தி சும்மா நின்றால் கடலில் இருக்கிறவன் எதை நம்புவான்? அடுத்த தண்ணீர் தூரத்தில் உயர ஆரம்பித்தது.

உலகம்மை கீழே கிடந்த துண்டை எடுத்தாள். எழுந்தாள். வீசினாள். அவன் நீட்டிய கை தாழவில்லை. அவள் இன்னும் வேகமாக வீசினாள். தண்ணீர்ப் பக்கமே போகவிடாமல் அவனைப் பிடித்து வைத்திருந்த கை, இப்போது அவனைக் கடலுக்குள் விரட்டிக்கொண்டிருந்தது.

“போலே!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். “அக்கா கிட்ட வராதே மக்கா! போ! போயிரு!”

மரத்தின் மூக்கு திரும்பியது. உயர்ந்து வந்த தண்ணீரில் ஏறி, அது உடைவதற்கு முன் அந்தப் பக்கம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மேற்கே போக ஆரம்பித்தது. ஈஸ்வரமூர்த்தி எழுந்து உட்கார்ந்து இந்த மேட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

“போதும் அக்கா. வெளிய கேறிட்டாங்க. கைய இறக்குங்க” என்றாள் லீமா.

உலகம்மை இறக்கவில்லை. இறக்கினால் திரும்பி வந்துவிடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.